பெடல் இல்லாத சைக்கிள்

மூன்று மணிக்கு இறுதிப் போட்டி. ஒன்றேகால் மணிக்குச் சைக்கிளைக் காணோம்.

உலக சாம்பியன்ஷிப்பை நடத்துகிறவர்கள் போலீஸுக்குப் போகவில்லை. போலீஸ் வந்தால் பின்னாலேயே பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். இருபத்தேழு நாட்டுக் கொடிகள் தொங்குகிற அரங்கத்தில் சைக்கிள் திருட்டு என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அதனால் செயலாளர் வக்கீலம்மாவுக்கு போன் போட்டார்.

வக்கீலம்மா கோர்ட்டுப் பக்கம் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போது துப்பறிவதுதான் தொழில். பெயர் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டுவிட்டது. கூடவே வந்தவன் அவருடைய உதவியாளன். முப்பத்து நான்கு வயது. ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்பதால் எல்லோருக்கும் அவன் ரேடியோ.

கூரை போட்ட பெரிய அரங்கம். முட்டை வடிவத்தில் மரத்தாலான ஓடுதளம், இரண்டு முனையிலும் சுவர் மாதிரி செங்குத்தாக எழும்பி நின்றது. நடுவில் இருந்த பள்ளமான மைதானத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு தடுப்பறை. அங்கே போக ஒரே வழி, ஓடுதளத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை.

“இந்தச் சுவத்துலயா ஓட்டறாங்க? நான் நின்னாலே சறுக்குவேன்” என்றான் ரேடியோ.

“அதுவும் பிரேக் இல்லாம” என்றார் செயலாளர். “இந்த சைக்கிள்ல பிரேக் கிடையாது, கியர் கிடையாது. சக்கரம் சுத்தற வரைக்கும் பெடலும் சுத்தும், காலும் சுத்தியே ஆகணும். நிறுத்தணும்னா ரெண்டு மூணு ரவுண்டு போய் மெதுவாத்தான் நிக்கும்.”

“என்னது, பிரேக்கே கிடையாதா?”

“உன் வாய் மாதிரின்னு வச்சுக்கோ” என்றார் வக்கீலம்மா. “நட.”

தடுப்பறையில் வீராங்கனை இடம் நகராத ஒரு நிலைவண்டியில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வயது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. வந்தவர்களைப் பார்த்தும் கால் நிற்கவில்லை.

“என் சைக்கிள் வேணும் மேடம். வேற எதுவும் எனக்குச் சொல்லாதீங்க.”

“மாத்து சைக்கிள் ஒண்ணு நிக்குதேம்மா?”

“அதுல ஓட்டினா ரெண்டு செகண்ட் போயிடும். அந்த ரெண்டு செகண்டைக் குறைக்கத்தான் எட்டு வருஷமா மிதிச்சிட்டிருக்கேன். இனிமே எனக்கு அடுத்த சாம்பியன்ஷிப் கிடையாது.”

கோச் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க, பக்கத்துத் தடுப்பறையை முறைத்துக்கொண்டிருந்தார். இறுதிப் போட்டியில் எதிராக ஓட்டப்போகிறவளின் அணி அங்கே இருந்தது. “வேற யாரு? அவங்கதான். எழுதி வச்சுக்கங்க.”

வக்கீலம்மா எதையும் எழுதவில்லை. மாற்று சைக்கிள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அதன் இரண்டு பெடலிலும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு புள்ளி.

“இந்தப் பெடல் யாரோடது?”

“அவளோடதுதான்” என்றார் கோச். “அவ ஷூ இந்த ஜோடியில மட்டும்தான் மாட்டும். திருட்டுப்போன சைக்கிள்ல இருந்தது.”

“அப்போ எடுத்துட்டுப் போனவன் பெடலைக் கழட்டி வச்சுட்டுப் போயிருக்கான்.”

“ஆமா, அதை எடுத்து மெக்கானிக் இதுல மாட்டியிருப்பான். மெக்கானிக் இவளோட சொந்த அண்ணன்தான். காலையிலேர்ந்து வயித்துவலின்னு முனகிட்டிருந்தான். எங்கயாவது படுத்திருப்பான்.”

ரேடியோ தலையாட்டினான். “ரொம்ப நல்ல திருடன்க்கா. செருப்பைத் திருடறவன் மாத்துச் செருப்பைத் துடைச்சு, வாசல்ல வச்சுட்டுப் போன மாதிரி இருக்கு.”

வக்கீலம்மா சிரித்தார். அந்தச் சிரிப்போடு அதை விட்டும்விட்டார். பிற்பாடு அவர் தன்னை மன்னிக்காமல் போனது இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

* * *

அரங்கத்தின் வெளிவாசலில் சோதனை பலமாக இருந்தது. ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு அட்டை. அட்டையைக் காட்டாமல் ஒரு சக்கரம்கூட வெளியே போகாது. காலையிலிருந்து எதுவும் போகவில்லை என்று காவலாளி அடித்துச் சொன்னார்.

“அப்போ உள்ளதான் இருக்கு” என்றார் வக்கீலம்மா, நடந்துகொண்டே. “பெடலைக் கழட்ட நீளமான ஸ்பேனர் வேணும், ரெண்டு மூணு நிமிஷம் வேணும். சுத்தி ஆளுங்க இருக்கற இடத்துல, தூக்கிட்டு ஓடறவன் எதுக்கு அந்த வேலையைப் பாக்கணும்?”

“பெடல் மேல ஆசையா இருக்கலாம்.”

“ஆசைன்னா எடுத்துட்டுப் போயிருப்பான், வச்சுட்டுப் போக மாட்டான். ரேடியோ, பெடல் இல்லாத சைக்கிள் எங்க இருந்தா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க?”

“ரிப்பேர் கடையில. அப்புறம்... எங்க மாமா வீட்டு மொட்டை மாடியில.”

“கண்காட்சியில.”

முன்கூடத்தின் நீளச் சுவரில் சைக்கிள்கள் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. பழைய சாம்பியன்கள் ஓட்டியவை சில, புது மாடல்கள் சில. ஒன்றிலும் பெடல் இல்லை. ஜனங்கள் கையில் காகிதக் கோப்பையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வக்கீலம்மா சைக்கிள்களைப் பார்க்கவில்லை. கீழே ஒட்டியிருந்த பெயர் அட்டைகளை எண்ணினார். எட்டு. பிறகு நிமிர்ந்து சைக்கிள்களை எண்ணினார்.

“ஒன்பது” என்றான் ரேடியோ.

கடைசியில், தூண் மறைவில், ஒரு கறுப்பு சைக்கிள். அதற்கு நேர்கீழே பளபளக்கும் தரையில் காசு அளவுக்கு ஒரு எண்ணெய்ப் பொட்டு.

“சுவத்துல மாட்டின சைக்கிளுக்கு வேர்க்குமா?” என்று கேட்டார் வக்கீலம்மா.

ரேடியோ விரலால் தொட்டு மோந்து பார்த்தான். “சுடச்சுட இருக்குக்கா. உங்களுக்கு மூளை இருக்கற இடத்துல எனக்கு என்னதான் இருக்குன்னு ஒரு நாள் ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்.”

மணி இரண்டு இருபது. சுரங்கப்பாதை வழியாக அவர்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தபோது அந்தத் தடுப்பறையே கைதட்டியது. பக்கத்துத் தடுப்பறையிலிருந்தும் நாலு பேர் தட்டினார்கள். செயலாளர் வக்கீலம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

வீராங்கனை நிலைவண்டியிலிருந்து இறங்கினாள். முதல் தடவையாக அவள் கால்கள் நின்றன. கறுப்பு சைக்கிளின் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் மேல் கட்டைவிரலை வைத்து, மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினாள். ஓரிடத்தில் விரல் ஒரு கணம் நின்றது.

“கன்னுக்குட்டியைத் தடவற மாதிரி இல்ல?” என்று வக்கீலம்மா ரேடியோவின் காதில் சொன்னார்.

கோச் ஸ்பேனரை எடுத்து மாற்று சைக்கிளிலிருந்து பெடல்களைக் கழற்ற ஆரம்பித்தார். முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். “சீட்டு உயரம் முதக்கொண்டு இதுல சரியா வச்சிருக்கான், புது செயின் வேற. இவ்வளவு வேலையும் வேஸ்ட்டு.”

வக்கீலம்மா வெற்றிலை போடாத குறையாகச் சந்தோஷமாகச் சுரங்கப்பாதையை நோக்கி நடந்தார். பாதி வழியில் நின்றார்.

“ரேடியோ, புது செயின், சீட்டு உயரம், பெடல். இதுக்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும்?”

“தெரியலக்கா. அரை மணி?”

சுரங்கப்பாதை வாசலில் வருகிறவர் போகிறவரைக் குறித்துக்கொள்ளும் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் கேட்டார்கள். மெக்கானிக் போனது பதினொன்று ஐம்பதுக்கு, ஒரு கறுப்பு சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு. மெக்கானிக் சைக்கிள் தூக்குவதில் என்ன அதிசயம் என்று அவள் தலையை நிமிர்த்தவில்லை. அதற்கப்புறம் அவர் உள்ளே வரவேயில்லை.

“காணோம்னு தெரிஞ்சதே ஒண்ணேகாலுக்குத்தான்” என்றார் வக்கீலம்மா. அவர் குரல் மாறியிருந்தது. “அதுக்கு முன்னாடியே மாத்து சைக்கிள் ரெடியா இருந்திருக்கு. எடுத்தவன்தான் ரெடி பண்ணியிருக்கான். அவளை ஓட்டவிடாம பண்றது அவன் நோக்கம் இல்லடா. ஓட்டணும், ஆனா இதுல ஓட்டக் கூடாது.”

“நான் சொன்னேன்ல, செருப்பு...” என்று ஆரம்பித்த ரேடியோ அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

* * *

தேடிப் போனபோது மெக்கானிக் அண்ணன் பின்பக்க வாகன நிறுத்தத்தில், அணியின் வேனுக்குள் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். நகக்கண் எல்லாம் கறுப்பு. இவர்களைப் பார்த்ததும் ஓடவில்லை. ஒருவித நிம்மதியோடு கேட்டார்.

“மாத்து சைக்கிள்ல ஏறிட்டாளா? சீட்டு ஒரு நூல் முன்னாடி தள்ளியிருக்கேன், அவகிட்ட சொல்லிடுங்க.”

கோர்ட்டில் எத்தனையோ பேரைக் கேள்வியால் மடக்கிய வக்கீலம்மா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் ரேடியோதான் சொன்னான்.

“கண்டுபிடிச்சுட்டோம்ணா. கொண்டு போய்க் குடுத்துட்டோம்.”

அண்ணன் அவர்களை மாறி மாறிப் பார்த்தார். “எதைக் குடுத்தீங்க?”

கேட்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. வேனிலிருந்து இறங்கினார். சக்கரத்தின் மேல் கை ஊன்றிக்கொண்டார்.

“ஃபோர்க்குல விரிசல் இருக்குங்க. மயிரிழை. விமானத்துலேர்ந்து இறக்கறப்போ சைக்கிள் பெட்டியை நான்தான் கீழ போட்டேன். இன்னிக்குக் காலையில காசால தட்டிப் பாத்தேன், சத்தம் செத்துப் போயிருக்கு. இரும்பா இருந்தா வளையும், தெரியும். இது கார்பன். வளையாது. ஒரேயடியாப் போயிடும்.”

“கோச்கிட்ட சொன்னீங்களா?”

“ஏழு மணிக்கே சொன்னேன். பெயின்ட்டுல கோடுன்னார். இன்னொரு வாட்டி வாயைத் திறந்தா ஊருக்கு அனுப்பிடுவேன்னார்.”

“தங்கச்சிகிட்ட?”

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் கன்னத்தில் கிரீஸ் இழுத்துக்கொண்டது. “பாப்பாகிட்டயும் சொன்னேன். ஓட்டற மூணரை நிமிஷம் தாங்குமாண்ணான்னு கேட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அதான் எடுத்துச் சுவத்துல மாட்டிட்டேன்.”

கட்டைவிரல் நின்ற இடம் வக்கீலம்மாவின் கண்ணுக்குள் வந்து நின்றது. அவள் கன்றுக்குட்டியைத் தடவவில்லை. விரிசலைத் தேடித் தடவியிருக்கிறாள்.

மணி இரண்டு ஐம்பத்தொன்று. மூன்று பேரும் ஓடினார்கள்.

சுரங்கப்பாதையின் இரும்புக் கதவு சாத்தியிருந்தது. போட்டிக்குப் பத்து நிமிஷம் முன்னால் சாத்திவிட்டால் முடிகிற வரைக்கும் திறக்கக் கூடாது. அங்கே நின்ற காவலாளி நல்ல மனிதர்தான். ஆனால் அவரிடம் சாவி இல்லை.

“அண்ணே, என் பொண்டாட்டிக்கு உள்ள பிரசவ வலி” என்றான் ரேடியோ.

“உள்ள யாருமே கர்ப்பிணி இல்லை தம்பி.”

“அப்போ எனக்குத்தான்னு வச்சுக்கங்க!” அவன் குரல் உடைந்தது. காவலாளி சிரிக்கவில்லை.

கோச்சுக்கு போன் போட்டார்கள். எடுக்கவில்லை. பார்வையாளர் படிகளில் ஏறி ஓடி, கண்ணாடித் தடுப்புக்கு அருகே நின்ற செயலாளரைப் பிடித்தார் வக்கீலம்மா. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. கையிலிருந்த வாக்கிடாக்கியில் தலைமை நடுவரைக் கூப்பிட்டார். பேசினார், கெஞ்சினார், கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

“காலையில சோதனையில பாஸாகி முத்திரை போட்ட சைக்கிளாம். அணிப் பொறுப்பாளர் சொன்னாத்தான் நிறுத்த முடியும்ங்கறார். கோச்சைக் கேட்டிருக்கார். எல்லாம் சரியா இருக்குன்னு கோச் கட்டைவிரலைக் காட்டிட்டார்.”

“மெக்கானிக்கே வந்து சொல்றார்னு சொல்லுங்க சார்!”

“சொன்னேன்மா. யாரு, அந்த சைக்கிளைத் திருடினவனான்னு கேக்கறார். திருடினவன் பேச்சைக் கேட்டு உலக இறுதிப் போட்டியை நிறுத்த முடியாதாம்.”

வக்கீலம்மா வாதாட வாயைத் திறந்தார். அண்ணனைத் திருடனாக்கியது யார் என்று அவருக்கே தெரியும்.

கீழே, ஓடுதளத்தின் எதிரெதிர் பக்கங்களில் இரண்டு பெண்கள் சைக்கிளில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பின்சக்கரங்களை இயந்திரம் கவ்விப் பிடித்திருந்தது. அண்ணன் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையாலும் அடித்தார். “பாப்பா! பாப்பா, வேணாம்!” காதை மூடிய ஹெல்மெட், முகத்தை மூடிய கண்ணாடி, ஆறாயிரம் பேரின் இரைச்சல். அவள் குனிந்து கைப்பிடியைப் பற்றினாள்.

வேட்டுச் சத்தம்.

பன்னிரண்டு சுற்று, குறைந்த நேரத்தில் முடிப்பவளுக்குத் தங்கம். முதல் சுற்றில் அண்ணன் கத்துவதை நிறுத்திவிட்டார். இனிமேல் கத்தினால் ஆபத்து, அவள் திரும்பிப் பார்த்துவிடுவாள் என்று பயந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கை காற்றில் எதையோ தாங்கிப் பிடித்தது. கறுப்பு சைக்கிள் சுவரில் ஏறிச் சாய்ந்து இறங்கியது. நாலாவது சுற்றில் அவள் முன்னிலை. கூட்டம் எழுந்து நின்றது. அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் வக்கீலம்மா ஒருவர்தான். எட்டாவது சுற்றில் நேரம் சமம். செயலாளர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். ரேடியோ ஒவ்வொரு சுற்றையும் சத்தமில்லாமல் விரல் மடக்கி எண்ணினான்.

பதினொன்று. பன்னிரண்டு.

எதிரணிக்காரி அரை விநாடிக்கும் கொஞ்சம் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தாள். இவளுக்கு வெள்ளி. மாற்று சைக்கிளில் ஓட்டியிருந்தாலும் அதே வெள்ளிதான் கிடைத்திருக்கும். இறுதிப் போட்டியில் இரண்டே பேர்.

“தாங்கிடுச்சு” என்றார் அண்ணன். சிரித்தார், அழுதார். “தாங்கிடுச்சுங்க. தாங்கிடுச்சு.” ரேடியோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஆனால் அந்தச் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. வேகம் குறைய இரண்டு மூன்று சுற்று போயாக வேண்டும். இரண்டாவது சுற்றின் வளைவில் அவள் ஒரு கையை எடுத்து முகக் கண்ணாடியைத் தூக்கினாள். மேலே வரிசைகளில் யாரையோ தேடினாள். அப்போது காய்ந்த குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. முன்சக்கரம் தனியாக உருண்டு போனது. அவள் மரத்தளத்தில் நெடுந்தூரம் சறுக்கிக்கொண்டு வந்து, கண்ணாடித் தடுப்புக்கு நேர்கீழே நின்றாள்.

அண்ணன் ரேடியோவின் தோளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “என்ன சத்தம்?” என்று மட்டும் கேட்டார்.

* * *

கழுத்தெலும்பு, இடது மணிக்கட்டு, இடது தொடை, மூன்று விலா. உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆறு மணிக்கு டாக்டர் சொன்னார். மறுபடி சைக்கிள் ஓட்டுவாளா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கோச் வந்தார். அண்ணனைப் பார்க்காமல் வக்கீலம்மாவிடம் பேசினார்.

“மேடம், உங்க அறிக்கை வேணும். மெக்கானிக் சைக்கிளைக் கடத்திட்டுப் போய் என்னவோ பண்ணியிருக்கான். அதனாலதான் உடைஞ்சிருக்கு. நீங்கதானே கண்டுபிடிச்சீங்க?”

“எழுதறேன். காலையில ஏழு மணிக்கு உங்ககிட்ட அவர் என்ன சொன்னார், நீங்க என்ன சொன்னீங்கங்கறதை முதல் வரியில எழுதறேன். ரெண்டாவது வரியில, கொண்டு வந்து குடுத்தது நான்தான்னு என் பேரை எழுதறேன். போதுமா?”

கோச் கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே போனார். அவர் போனதால் எதுவும் சரியாகிவிடவில்லை. வக்கீலம்மா பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க மூன்று தடவை வாக்கியத்தை ஆரம்பித்தார். மூன்றும் கோர்ட்டு வாக்கியங்களாகவே வந்தன.

“நீங்க வரலேன்னாலும் அவ தேடியிருப்பா” என்றார் அண்ணன், தரையைப் பார்த்தபடி. ஆறுதலுக்குச் சொன்னதுதான். வக்கீலம்மாவுக்கு அது ஆறுதலாக இல்லை. அவள் தேடியிருப்பாள், ஆனால் கிடைத்திருக்காது.

நர்ஸ் கதவைத் திறந்தாள். “முழிச்சிட்டாங்க. ஒருத்தர் மட்டும் வரலாம். சொந்தக்காரங்க யாரு?”

அண்ணன் எழுந்திருக்கவில்லை. “நீங்க போங்க மேடம். பெட்டியைக் கீழ போட்டவன் நான். எந்த மூஞ்சியோட போறது?”

உள்ளேயிருந்து வறண்ட குரல் ஒன்று வந்தது. “அண்ணா இருக்கானா வெளிய? உள்ள வரச் சொல்லுங்க. திட்ட மாட்டேன்.”

ரேடியோதான் அவரைத் தோளைப் பிடித்து எழுப்பி, கதவு வரைக்கும் கொண்டுபோய் விட்டான்.

கதவின் சதுரக் கண்ணாடி வழியாக வக்கீலம்மா பார்த்தார். அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கையை நீட்டினார். தோளில் கட்டு. கையில் மாவுக்கட்டு. முகத்தின் ஒரு பக்கம் முழுக்கப் பஞ்சு. எங்கே தொடுவது என்று தெரியாமல் அந்தக் கறுத்த கை அவள் மேல் ஒரு சுற்று சுற்றியது. பிறகு கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், போர்வையை விலக்கி, அவள் பாதத்தின் மேல் இறங்கப் போனது.

“இடது கால் வேணாம்ணா” என்றாள் அவள். “வலது காலைப் பிடி.”